வலியில்லாத நோயும் எமது பொறுமையும்

"வயது போனால் கண் மங்கத்தானே செய்யும்." படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் இந்த வார்த்தையை அடிக்கடி கேட்கிறோம். காணியையும் மாட்டையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களில் கண் மங்குவது ஒரு முறைப்பாடாகவே கணக்கில் எடுக்கப்படுவதில்லை. இந்தப் பொறுமை ஆபத்தானது என்பதே எனது கருத்து.

கண் மங்குவதெல்லாம் கண்புரை அல்ல. கமராவுக்குப் பிலிம் எப்படியோ, அப்படியே கண்ணுக்கு அதன் பின்சுவரில் உள்ள விழித்திரை. வில்லை மங்கினால் சத்திரசிகிச்சை செய்து மாற்றலாம். பிலிம் பழுதானால்? கண்புரை வெட்டியும் பார்வை திரும்பாத சிலருக்கு விழித்திரையே பழுதாகியிருக்கும்.

அதைக் கெடுப்பதில் முதன்மையானது சீனி வருத்தம். குருதியில் சீனி கூடினால் விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்கள் கசிகின்றன. பின்னர் பலவீனமான புதுக் குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள்ளே குருதி கசியும். இவ்வளவும் நடக்கும்போது வலியில்லை. தொடக்கத்தில் பார்வையும் குறைவதில்லை. ஆகவேதான், "எனக்குக் கண் நல்லாத் தெரியுது" என்பது சோதனைக்குப் போகாமலிருக்க நியாயமாகாது.

வேறு நோய்களும் உண்டு. வயதானவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தால் நேரான கதவுநிலை வளைந்து தெரியும். எதிரில் நிற்பவரின் முகம் மறையும். திடீரென மின்னல்போல் ஒளி வெட்டி, கரும்புள்ளிகள் மிதந்து, ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல் இருந்தால் விழித்திரை கழன்றிருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கைமருந்துச் சாறு கண்ணில் விடுவதால் பயனில்லை. அது பின்சுவரைச் சென்றடையாது.

1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கத்தினால் எமது நாடு உலகுக்கே கண்களை வழங்கிப் பேர் பெற்றது. ஆனால், அவ்வாறு மாற்றிப் பொருத்தப்படுவது கண்ணின் முன்புறக் கருவிழிப் படலம் மாத்திரமே. விழித்திரையை எவரும் தானமாகத் தர முடியாது. லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் ஏற்றும் ஊசியும் பெரும்பாலும் எஞ்சிய பார்வையைக் காக்கவே உதவும். போனதை முழுமையாக மீட்டுத் தரா.

தடுக்க வழியுண்டு. பிரித்தானியாவில் 1998இல் வெளியான ஆய்வொன்றில், நீரிழிவு நோயாளரின் குருதி அமுக்கத்தை நன்கு கட்டுப்படுத்தியபோது விழித்திரை நோய் முற்றுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. குளிசையை ஒழுங்காக எடுப்பது கண்ணுக்கும் காவல்.

இடம்பெயர்வு முறித்தது இந்த ஒழுங்கைத்தான். 1990இலும் 2007இலும் ஓடியபோது குளிசை நின்றது, கிளினிக் கொப்பி தொலைந்தது, நிவாரண மாவும் சீனியுமே உணவாயின. அந்த ஆண்டுகளின் பாதிப்பு இன்று கண்ணில் வெளிப்படலாம்.

எனவே, சீனி வருத்தம் உள்ளவர் அது கண்டறியப்பட்டவுடனும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும், துளிமருந்து விட்டுக் கண்ணின் பின்புறத்தைச் சோதிக்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறந்தபின் படகுப் பாதைக்குக் காத்திருக்கும் தேவையில்லை. ஆயினும், ஒருநாட் கூலியை இழந்து நகருக்குப் போவது ஏழைக்குப் பாரமே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கமராவைக் கிராமத்துக்கே கொண்டுபோய் விழித்திரையைப் படமெடுக்கிறது. எமது கிராமிய வைத்தியசாலைகளின் கிளினிக் நாட்களிலும் அத்தகைய வசதி வேண்டுமென மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் எழுத்தில் கேட்கவேண்டும்.

திரும்பக் கிடைத்த வயலில் களையையும் கதிரையும் பிரித்தறியக் கண் வேண்டும். இழப்புகளைப் பொறுத்துப் பழகிய நாம், தடுக்கக்கூடிய இந்த இழப்பையும் பொறுக்க வேண்டியதில்லை.