கணக்குத் தந்தவர்க்குக் கணக்கு மீள வேண்டும்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கணக்குப் பார்ப்பதனால் எவருடைய களத்திலும் உழக்கு குறைந்துவிடுவதில்லை. பார்த்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லாத நிலையிலேதான் குடியானவன் அவ்வாறு சொல்லிச் சலித்துக்கொண்டான். கணக்கானது உரிய காலத்தில், உரிய வடிவில், உரிய கைக்கு வந்து சேருமாயின் அப்பழமொழிக்கு இடம் இராது. இக்காலத்தில் கணக்கு எழுதுவோர்க்கு நம்மிடையே குறைவில்லை. எழுதிய கணக்கு எவர் கைக்கு மீள்கிறது என்பதே கேள்வி. அக்கேள்வியைக் கொல்லிமலையை முன்னிட்டுச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிராமத்தில் எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பயிர் நிற்கிறது என்பதைக் குறிப்பது அடங்கல். கர்ணங்கள் அதனை எழுதிவந்த காலத்திலும், 1980-இல் அப்பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் அதனை ஏற்ற பின்னரும், அக்கணக்கு செல்லும் திசை ஒன்றே. கிராமத்திலிருந்து தாலுகாவுக்கும், அங்கிருந்து ஜில்லாவுக்கும், முடிவில் சென்னைக்கும் அது ஏறிச் செல்லும். அங்கே பருவமும் பயிரும் பற்றிய ஆண்டறிக்கையாகத் தொகுக்கப்பெறும். ஆண்டுக்கொருமுறை ஜமாபந்தி நடக்குங்கால் குடிகள் தம் கணக்கைக் குறித்துக் கேட்கலாம். 2024-ஆம் ஆண்டில் வேளாண்மைக் கல்லூரி மாணாக்கர்களையும் கொண்டு கைப்பேசியின் வாயிலாகவே பயிர்க் கணக்கெடுப்பு நடத்தினர். ஏடு போய்க் கைப்பேசி வந்தது நன்றே. ஆயினும் கணக்கு ஏறும் திசை மட்டும் மாறவில்லை.

"குடிகளுக்குச் செய்தி வரவில்லையா? 2018-இல் உழவன் செயலி வந்ததே" என்று சிலர் வினவலாம். மானிய விவரம், இடுபொருள் இருப்பு, சந்தை விலை முதலியவை அதன் வாயிலாகக் கிடைப்பது மெய்யே; அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது மாகாணம் முழுமைக்கும் பொதுவான ஒரே பலகை. சேலூர்நாட்டார் தமக்கென ஒரு கேள்வியை எழுப்பி, அதற்குரிய விடையை அதில் தாமே அமைத்துக்கொள்ளுதல் இயலாது. நாம் வேண்டுவது வேறொன்று. கணக்கை எழுதும் ஸ்தாபனத்தார், தம்முள் ஒவ்வொரு பிரிவினர்க்கும் வேண்டிய அறிக்கையைத் தாமே செய்து, தமக்குள்ளே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வேண்டும்.

அத்தகைய ஏற்பாடு இப்பொழுது கைக்கெட்டியதாகவே இருக்கிறது. அறிக்கைச் செயலி என்று அதனைச் சொல்லலாம். பல ஏடுகளில் சிதறிக் கிடக்கும் எண்களை ஓரிடத்தில் சேர்த்து, அவற்றினின்று அட்டவணை, வரைபடம், தேசப்படம் ஆகியவற்றை வேண்டியவாறு கட்டி, ஒரே வாயிலின் வழியாகப் பலரும் பார்க்கும்படி வெளியிடுதலே அதன் வேலை. 2015 முதல் பொதுப் பயன்பாட்டில் இருந்துவரும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'பவர் பி.ஐ.' என்பதை உதாரணமாகக் கொள்வோம். அதில் ஒரு பணிக்களத்தில் செய்த அறிக்கைகளைத் தொகுத்துச் செயலியாக வெளியிடலாம். அச்செயலியிலேயே ஒரு கூட்டத்தார்க்குச் சில பக்கங்களும் மற்றொரு கூட்டத்தார்க்கு வேறு பக்கங்களும் தெரியும்படி வகுக்கலாம். ஒருவர்க்குத் தம் வட்டாரத்து வரிகள் மட்டுமே தெரியும்படி வரம்பிடவும் இயலும். எளிய அறிக்கைகளை அமைப்பதற்குச் சென்னையிலிருந்து நிபுணர் வர வேண்டுவதில்லை. கணினி அட்டவணையில் பழகிய ஓர் எழுத்தர் முயன்று கற்றுக்கொள்ளலாம்.

அறிக்கைக்கு வேண்டிய கணக்கைத் திரட்டுவதற்கும் கருவிகள் உள. 2008-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'ஓ.டி.கே.' என்னும் கருவி அவற்றுள் ஒன்று. அதனைக் கொண்டு, கைப்பேசிக்குத் தொடர்பு கிட்டாத இடத்திலும் படிவத்தை நிரப்பி வைத்துக்கொண்டு, தொடர்பு கிட்டியபின் அனுப்பலாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறுவோர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

நிற்க. மலைக்குத் தனி அறிக்கை எதற்கு? ஜில்லா அறிக்கை போதாதோ என்பார்க்கு ஒரு விடை கூறுவோம். தொகுப்பு அறிக்கையில் சாமைக்கு ஒரு வரி உண்டு. கொல்லிமலைக் குடிக்கோ சாமை ஒன்றன்று. சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலாசாமை, மல்லியச்சாமை எனப் பல உண்டு. தினையிலும் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை என வகைகள் உள்ளன. கேழ்வரகிலோ சுருட்டைக் கேழ்வரகு, சட்டைக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு முதலியவற்றைப் பெரியோர் பிரித்தறிவர். வகைக்கு வகை வயதும் குணமும் வேறுபடும். மழை முந்தினால் ஒன்றையும் பிந்தினால் மற்றொன்றையும் விதைப்பதற்கு இடம் தருவது இவ்வேறுபாடே. இவையனைத்தையும் 'சாமை', 'தினை', 'கேழ்வரகு' என மூன்று வரிகளில் அடக்கிவிட்டால், எந்த வகை அருகிவருகிறது என்பதை எந்த அறிக்கையும் காட்டமாட்டாது. ஒரு வகை அறவே மறைந்தபின்னும் அவ்வரியிலுள்ள எண் அப்படியே நிற்கக்கூடும்.

மரவள்ளி பரவப் பரவ இம்மலையில் சிறுதானிய நிலம் சுருங்கிவந்தது பலரும் அறிந்த செய்தி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களின் பிற்பகுதியிலிருந்து மலைக் குடிகளோடு சேர்ந்து இவ்விதைகளைக் காக்க முயன்றனர். ஊர்தோறும் சமூக விதை வங்கிகள் தோன்றின. விதை வாங்கினவர் அறுவடைக்குப்பின் வாங்கிய அளவுக்கு மேலும் சேர்த்துத் திருப்பித் தருதல் அவ்வங்கிகளின் முறைமை. இங்கே கணக்கே உயிர்நாடி. முதல் மழைக்கு முன்னர் விதை காப்போர் அறிய வேண்டுவது ஒன்றே: எந்த ஊரில் எந்த வகை விதை எத்தனை படி இருக்கிறது? அரியூர்நாட்டில் கட்டவெட்டிச்சாமை விதை தீர்ந்துபோக, தின்னனூர்நாட்டில் அது குதிரில் மிகுதியாகக் கிடக்குமாயின், இருவர்க்கும் அது தெரிந்தாலன்றிப் பயனில்லை. விதைப்புக் கழிந்து ஆறு திங்கள் ஆனபின் அழகிய வண்ண வரைபடத்தோடு வரும் அறிக்கை அக்குடியானவர்க்கு எதற்கு? ஒரே பக்கம், நான்கு நிரல்கள், மழைக்கு இரண்டு வாரம் முன்பு — இதுவே அவர்க்கேற்ற அறிக்கை. அதே கணக்கினின்று, ஐந்து ஆண்டுகளில் எவ்வகை குன்றிற்று என்னும் அறிக்கை ஆராய்ச்சியாளர்க்கும், எந்த ஊரிலிருந்து எத்தனை மூட்டை உமி நீக்க வரும் என்னும் அறிக்கை அரைவை ஆலை நடத்தும் மகளிர் குழுவினர்க்கும் உரியன. எண்கள் ஒன்றே, கேள்விகள் வேறு, ஆதலின் அறிக்கைகளும் வேறாதல் வேண்டும்.

இனி மரவள்ளியை நோக்குவோம். இம்மலையினின்று கிழங்கு லாரிகளில் இறங்கிச் சேகோ ஆலைகளுக்குச் செல்கிறது. அங்கே எடையோடு மாவுச்சத்தும் பார்த்து, 'பாயிண்டு' கணக்கில் விலை வைக்கப்படுகிறது. ஆலை முதலாளிகளுக்குச் சேலத்தில் 1981 முதல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு ஸ்தாபனம் உண்டு. ஜவ்வரிசியின் ஏலவிலை அவர்களுக்கு உடனுக்குடன் தெரியும். கிழங்கு விளைத்தவர்க்கோ அண்டை ஊரான் பெற்ற விலையே தெரிவதில்லை. ஒவ்வொரு பாரத்துக்கும் தேதி, எடை, பாயிண்டு, பெற்ற விலை ஆகிய நான்கையும் சங்கத்தார் பதிந்து, நாடுவாரியாகச் சராசரியைத் தமக்குள் வாரந்தோறும் பகிர்ந்துகொள்வாராயின், பேரம் பேசும்பொழுது அவர் வெறுங்கையோடு நிற்கமாட்டார்.

பூச்சி விஷயத்தில் இதன் அவசியம் இன்னும் தெளிவாகும். மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் முதலில் காணப்பட்டு, பின்னர்ச் சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலும் பரவிற்று. 1970-களில் ஆப்பிரிக்காவில் நுழைந்து பெருஞ்சேதம் விளைத்த அதே பூச்சி இது. அங்கு அதனை அடக்கியது தென் அமெரிக்காவினின்று கொணர்ந்த 'அனகைரஸ் லோப்பெசி' என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி. அக்குளவி பெனின் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சு மாதத்தில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடுவிக்கப்பெற்றது. குளவியை எங்கே விடுவது, விட்ட இடத்தில் அது நிலைத்ததா என்பனவற்றைக் காட்டுவது யாது? தோட்டந்தோறும் எழுதிய கணக்கேயன்றோ? நுனி சுருண்ட செடியை முதலில் காண்பவர் தோட்டத்தார். அவர் கண்டது அன்றே தேசப்படத்தில் ஒரு புள்ளியாக விழுந்து, ஆராய்ச்சி நிலையத்தாரும் வட்டார உத்தியோகஸ்தரும் அண்டைத் தோட்டத்தாரும் ஒருங்கே காணும்படி இருந்தால், மருந்தென்று எதையேனும் தெளித்துக் குளவியையும் சேர்த்துக் கொல்லும் பிழை குறையும்.

இவ்வேற்பாட்டுக்கு எதிராகச் சொல்லப்படுபவை சில உள. அவை புறக்கணிக்கத் தக்கனவல்ல.

ஆளுக்கோர் அறிக்கை என்று விட்டால் குழப்பம் மிகும் என்பது ஒன்று. இது மெய்யே. ஒருவர் படியிலும் மற்றொருவர் கிலோவிலும் எழுதினால், கேழ்வரகோடு அவரையும் கடுகும் கலந்து விதைத்த காட்டை ஒருவர் ஓரேக்கர் என்றும் மற்றொருவர் மூன்று பயிருக்கு மூன்றேக்கர் என்றும் குறித்தால், இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று பொய்யாக்கும். இதற்குப் பரிகாரம் அறிக்கை செய்வதைத் தடுப்பதன்று. மூலக் கணக்கை ஒன்றாக வைத்தலே. அளவை, பயிர்ப்பெயர், கலப்புப் பயிரைக் குறிக்கும் முறை ஆகியவற்றை ஒருமுறை கூடிப் பேசி முடிவு செய்துவிட்டால், அதன்மேல் எத்தனை அறிக்கைகள் எழுந்தாலும் தீங்கில்லை.

ரகசியம் காக்கப்படுமா என்பது மற்றொன்று. இதுவும் நியாயமான அச்சமே. எவர் வீட்டில் அரிய விதை உளது, எவர் எவ்வளவு கடன்பட்டார் என்பன ஊரறியப் பரப்பத்தக்கன அல்ல. 2001-ஆம் ஆண்டுச் சட்டம் உழவர் காத்த பயிர் வகைகளில் உழவர்க்கு உரிமை உண்டென்று ஒப்புகிறது. 2023-ஆம் ஆண்டில் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவருடைய சம்மதத்துக்கு மதிப்பளிக்கிறது. ஆகவே வீட்டுப் பெயர் சங்கத்தார்க்கும், ஊர்த்தொகை கூட்டமைப்புக்கும், நாட்டுத்தொகை இலாகாவுக்கும் என்று படிப்படியாக வரம்பிடுதல் தகும். பகிர்தல் என்பது எல்லாவற்றையும் எல்லார்க்கும் திறந்து வைப்பதன்று. உரியதை உரியவர்க்குத் தருதலே பகிர்தலாம்.

கைப்பேசி இல்லாதவரும் எழுத்தறியாதவரும் என் செய்வர் என்பது மூன்றாவது. செயலி கட்டாயம் கைப்பேசியிலேயே முடிய வேண்டும் என்பதில்லை. அதன் பக்கத்தை அச்சிட்டுச் செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் மக்கள் கூடும் இடங்களில் ஒட்டுதலும், குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசித்துக் காட்டுதலும் கூடும். விதையைப் பேணுவோருள் பெரும்பாலார் பெண்மக்கள். அவர்கள் கேட்டு, "இஃது எங்கள் ஊரின் கணக்கே" என்று ஒப்பிய பின்னரே எந்த அறிக்கையும் மெய்யறிக்கை ஆகும். பிழையான எண்ணை முதலில் கண்டுபிடிப்பவர் அவ்வெண்ணைத் தந்தவரே என்பதை மறத்தல் கூடாது.

களப்பணி உத்தியோகஸ்தர்க்கு இன்னுமொரு சுமையா என்பது கடைசி ஆட்சேபம். இப்பொழுது அவர் ஒரே விவரத்தை மேலிடத்தின் பல படிவங்களில் திரும்பத் திரும்ப எழுதுகிறார். ஒருமுறை எழுதியதினின்று அறிக்கைகள் தாமே பிறக்குமாயின் சுமை குறையுமேயன்றிக் கூடாது. ஆனால் பழைய படிவங்களையும் விடாமல் புதியதையும் சேர்த்துக் கேட்பது முறையன்று. புதியது ஒன்று வரும்பொழுது பழையது ஒன்று போகவேண்டும்.

ஆதலின் நாம் முன்வைக்கும் யோசனை சிறிது. கொல்லிமலையில் ஒரே பருவத்துக்கு இரண்டே அறிக்கைகளைச் சோதித்துப் பார்க்கலாம்: விதைப்புக்கு முன் விதை இருப்பு ஒன்று, அறுவடைக் காலத்தில் மரவள்ளி விலை மற்றொன்று. கேள்வியை நாட்டார் கேட்கட்டும். அறிக்கையை வட்டார எழுத்தரும் சங்கத்து இளைஞரும் கட்டட்டும். பருவ முடிவில் அவ்வறிக்கையால் எந்த முடிவு மாறிற்று என்று கூடி வினவட்டும். ஒன்றும் மாறவில்லையெனில் அதனை அழித்துவிடத் தயங்க வேண்டா. ஒருவரும் பாராத அறிக்கையைத் தொடர்ந்து எழுதுவதைவிடப் பெரிய வீண்செலவு ஓர் இலாகாவுக்கு இல்லை.

கணக்கு என்பது குடியானவன் இலாகாவுக்குத் தரும் கைமாற்று. கைமாற்றாக வாங்கியதைக் காலத்தில் திருப்பித் தருதல் நேர்மை. விதை வங்கியில் படி விதை வாங்கினவர் அதற்கு மேலும் சேர்த்து அளக்கிறார். கணக்கை வாங்கின நாம் வாங்கிய அளவையேனும் திருப்பி அளக்க வேண்டாமா? அவ்வாறு அளப்போமாயின், கணக்குப் பார்த்த உழவனுக்கு ஓர் உழக்கேனும் மிஞ்சும் என்பது எமது துணிபு.