100 கோடி எண்களுக்கு 16 பைட் போதுமே!

1 முதல் 100 கோடி வரை எண்கள் வேண்டும். பைத்தானின் நம்பை அதை அரேயாக உருவாக்கினால், எண்ணுக்கு 8 பைட் வீதம் சுமார் 8 ஜிபி மெமரி காலி. சாதாரண லேப்டாப் அங்கேயே திணறிவிடும். ஜூலியா மொழியில் அதே வரிசைக்கு ஆகும் செலவு வெறும் 16 பைட்!

எப்படி? ஜூலியா எண்களை அடுக்கி வைப்பதே இல்லை. தொடக்கம், முடிவு இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளும். 500-வது எண் எதுன்னு கேட்டால், அப்போதுதான் கணக்குப் போட்டுச் சொல்லும். இதுதான் லேசி ரேஞ்ச். பெயரில்தான் சோம்பேறித்தனம், 100 கோடி எண்களின் கூட்டுத்தொகை கேட்டால், ஒவ்வொன்றாகக் கூட்டாமல் ஸ்கூல் ஃபார்முலாவிலேயே விடை தந்துவிடும்.

பைத்தான் 2-ல் ரேஞ்ச் என்றாலே முழு லிஸ்ட்தான். சிக்கனத்துக்கு எக்ஸ்ரேஞ்ச் என்று தனியாக ஒன்று இருந்தது. 2008-ல் வந்த பைத்தான் 3, சிக்கனத்தையே வழக்கமாக்கியது. சரியான முடிவு.

ஆனாலும் பலருக்கு எண்களை மொத்தமாகக் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி. ஜூலியாவில் தேவையே இல்லாத இடத்திலும் 'கலெக்ட்' போட்டு, ரேஞ்சை முழு அரேயாக்கிவிடுகிறார்கள். அரே நிஜமாகவே தேவைப்படும் இடம் உண்டு. வரிசையின் நடுவில் ஒரு எண்ணை மட்டும் மாற்றப் போனால் ரேஞ்ச் எரர் காட்டும். மாற்றியதை வைக்க அதனிடம் இடமே இல்லை. அங்கே கலெக்ட் போடலாம், தப்பில்லை. வெறும் லூப் சுற்றுவதற்கு 8 ஜிபியை எதுக்குக் கொடுக்கணும்?