12 மணி நேர வேலை: கையெழுத்து யாருக்கு லாபம்?

தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் 2023-ம் ஆண்டில் இரண்டு மாநிலங்களில் வந்தது. தமிழ்நாட்டில் அது கைவிடப்பட்டது. கர்நாடகத்தில் சட்டமானது. ஊரை விட்டு பெங்களூர் வந்து பிழைக்கும் தமிழர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் உள்ளது. மத்திய அரசு செய்த சட்டத்தை மாநில அரசு ஜனாதிபதியின் ஒப்புதலுடன் திருத்தலாம். ஓசூரில் ஒரு விதி, எல்லை தாண்டினால் வேறு விதி என்ற நிலை வந்தது இதனால்தான்.

மே தினத்தில் வாபஸ்

தமிழக சட்டசபையில் மசோதா 2023 ஏப்ரல் 21-ந் தேதி நிறைவேறியது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதை வாபஸ் பெறுவதாக முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் 1923-ல் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றுடன் 100 ஆண்டுகள்!

கர்நாடக சட்டசபையில் மசோதா அதே ஆண்டு பிப்ரவரியில் நிறைவேறி, பின்னர் சட்டமானது. இடைவேளை உள்பட நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அது வரம்பு வகுத்தது. வாரத்தின் மீதி நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை. ஆனால், 3 மாதத்துக்கு 75 மணியாக இருந்த ஓவர்டைம் வரம்பு 144 மணியாக உயர்ந்தது. அப்படியானால் விடுமுறை என்பது காகிதத்தோடு நின்றுவிடாதா?

சம்மதம் என்றால் என்ன?

தொழிலாளியின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கூறியது. பாதுகாப்புபோல் தோன்றும் இதுவே பலவீனமான இடம். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட தாளை நீட்டினால், அதைப் படிக்கத் தெரியாத தொழிலாளி என்ன செய்வார்? மறுத்தால் நாளை வேலை இருக்குமா என்ற அச்சத்தில் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமுலுக்கு வந்துள்ளன. 29 பழைய சட்டங்கள் அவற்றில் அடங்கிவிட்டன. நாளுக்கு 8 மணி நேர வேலை, ஓவர்டைமுக்கு இரட்டிப்பு சம்பளம், வேலைக்குச் சேருவோருக்கு நியமனக் கடிதம் ஆகியவை அவற்றில் உள்ளன. ஓவர்டைமுக்கு இங்கும் சம்மதம் தேவை. எனவே, பிரச்சினை மீண்டும் கையெழுத்திலேயே வந்து நிற்கிறது.

குமாஸ்தாக்களுக்கும் இது பொருந்தும். கடைகள், நிறுவனங்களில் 9 மணி வேலையை 10 மணியாக்கும் யோசனை கர்நாடகத்தில் 2025-ல் எழுந்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன.

செய்ய வேண்டியது

நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். புரியாத தாளில் கையெழுத்திடக் கூடாது. வேலைக்கு வந்த நேரம், போன நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். ஓவர்டைம் சம்பளம் கேட்கும்போது அந்த நோட்டு உதவும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது சங்கம். தமிழ்நாட்டில் மசோதாவைத் திரும்பப் பெற வைத்தது தனி ஒருவரின் மறுப்பு அல்ல. சேர்ந்து எழுப்பிய குரல்தான். வந்த ஊரிலும் உள்ளூர்த் தொழிலாளியோடு தோள் சேர்ந்தால்தான் 8 மணி நேரம் நிலைக்கும்.