வர இயலாதோர் பட்டியல்



பெயர்ப் பட்டியல்களோடு பழகுவது புகைவண்டி நிலையக் கணக்கரான நமது தொழில். பட்டியலில் பெயரிருந்தும் வாராத பயணிகள் நாள்தோறும் உண்டு. ஏன் வரவில்லை என்று நாம் கேட்பதில்லை. சென்ற மாதம் அலிபிரி அடிவாரத்தில் நாம் கண்ட முதியவர் ஒருவர், வேறொரு பட்டியலை நினைவூட்டினார்.

1975 ஜூன் 25ஆம் நாள் இந்திரா காந்தி அம்மையாரின் ஆட்சியில் நெருக்கடி நிலை பிறந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண், மொரார்ஜி தேசாய் முதலிய தலைவர்கள் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். ஏடுகளுக்குத் தணிக்கை வந்தது. 1976 ஜனவரி 31இல் தமிழகத்தில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அக்கட்சியினர் பலர் மிசாச் சட்டத்தின்கீழ்க் கைதாயினர். கைதானோர் யாவரென அச்சிடத் தணிக்கை இடந்தரவில்லை.

பிப்ரவரி 3 அறிஞர் அண்ணாவின் நினைவு நாள். அன்று 'முரசொலி' ஏட்டில், அண்ணா நினைவிடத்தில் மலரஞ்சலி செலுத்த வர இயலாதோர் என்று ஒரு பட்டியலைக் கலைஞர் கருணாநிதி வெளியிட்டார். பார்வைக்கு அது வெறும் பெயர் வரிசை. படித்தவர்களோ, இவர்களெல்லாம் சிறையில் இருக்கின்றனர் என உணர்ந்துகொண்டனர். அவ்வாறு சிறை சென்று அடியுண்ட சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிர் நீத்தார்.

அவ்வாண்டு மார்ச்சில் தேர்தல் வந்தது. பிரிந்து கிடந்த கட்சிகள் ஜனதாவாய்க் கூடி மத்தியில் ஆட்சியைப் பிடித்தன. 1974 இரயில்வே வேலைநிறுத்தத்திற்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ், சிறையிலிருந்தவாறே முசாபர்பூரில் வென்றார். ஆனால் நாம் குடியேறி வாழும் இந்த ஆந்திரத்தில் 42 இடங்களில் 41 காங்கிரசுக்கே கிடைத்தன. நந்தியாலில் மட்டும் ஜனதாவின் நீலம் சஞ்சீவ ரெட்டி வென்றார். அந்த ஒருவரே அவ்வாண்டு ஜூலையில் குடியரசுத் தலைவரானார். தமிழகத்திலும் தி.மு.க. அத்தேர்தலில் தோற்றது, எனினும் அழிந்துவிடவில்லை. எதிர்க்கட்சியின் மதிப்பு இடங்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை; வாய் மூடப்பட்ட காலத்திலும் அது நிலைத்து நிற்பதில் உள்ளது.

நிற்க. நம் சங்கத்தின் பொதுக்கூட்டம் ஒன்றில் கணக்குக் கேட்டு எழுந்த அன்பர் ஒருவரை, "உட்காரும் ஐயா" என்று பலரும் அடக்கினோம். நாமும் அதில் ஒருவர். அதன்பின் அவர் வரவே இல்லை. மிசாவும் சிறையும் இல்லாமலே ஒருவரை வர இயலாதோர் பட்டியலில் சேர்த்துவிட்டோம் அன்றோ? வரும் ஞாயிறு அவர் இல்லம் சென்று அழைக்க எண்ணியுள்ளோம். உடன்வர விரும்பும் அன்பர்கள் வருக.