கும்மிக்கு ஒரு மாலை வேண்டும்

எங்கள் மதுரை வில்லாபுரத்தில் முளைப்பாரி போட்டுவிட்டால், ஊதுபத்தி உருட்டும் பெண்கள்கூடப் பொழுது சாய்ந்ததும் பலகையைத் தள்ளிவைத்துவிட்டுக் கும்மிக்கு வந்துவிடுவார்கள். குனிந்து நிமிர்ந்து, கைதட்டி, மூச்சு வாங்கச் சுற்றி வருவோம். மருமகள் சண்டை, சர்க்கரை மாத்திரை, வட்டிக் கடன் எல்லாம் அந்த வட்டத்தில்தான் வெளியே வரும். முளைப்பாரியைக் கரைத்ததும் அவரவர் வீட்டுக்குள் அடைந்துவிடுகிறோம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கலையை நாடிப் போவதற்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 50 வயதைத் தொட்ட, தாண்டிய 6,710 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வெளியானது. சில மாதங்களுக்கு ஒருமுறையாவது நாடகம், கச்சேரி, அருங்காட்சியகம் என்று போனவர்களுக்கு, போகவே போகாதவர்களைவிட இறப்பு அபாயம் 31 சதவீதம் குறைவு. வசதியும் உடல்நலமும் உள்ளவர்கள்தானே போவார்கள் என்று கேட்கலாம். அவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வந்த எண் இது. கலைதான் காரணம் என்று ஆய்வு அடித்துச் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆனால் கும்மியில் உடம்பும் சேர்ந்து உழைக்கிறதே!

அதனால் மதுரை மாநகராட்சி ஒவ்வொரு வார்டிலும் ஒரு சமுதாயக்கூடத்தையோ பள்ளி மைதானத்தையோ வாரம் ஒரு மாலை கும்மிக்குத் திறந்துவிட வேண்டும். விளக்கு, குடிதண்ணீர், கழிப்பறை இருந்தால் போதும். பாட்டுச் சொல்லித்தரப் பெரியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.