சளிக்கு எதற்கு ஆன்டிபயாட்டிக்?

பௌர்ணமி முடிந்த மறுநாள் திருவண்ணாமலையில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் முன்னால் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். "அண்ணே, சளி, காய்ச்சல், உடம்பு வலி. ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க" என்று யாராவது வருவார்கள். டாக்டர் சீட்டு இருக்காது. காகிதக் கவரில் நாலு மாத்திரை விழும். பல நேரம் அதில் ஒன்று ஆன்டிபயாட்டிக்காக இருக்கும்.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான பேர் உரசிக்கொண்டு நடந்தால் சளி பரவத்தான் செய்யும். 2020-ல் கொரோனாவுக்காகக் கிரிவலத்தையே நிறுத்தி வைத்த ஊர் இது. வைரஸ் என்ற வார்த்தை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் வைரஸ் வேறு, பாக்டீரியா வேறு என்ற பாடம் மட்டும் ஐந்து மார்க் கேள்வியோடு முடிந்துவிட்டது!

என்ன வித்தியாசம்? பாக்டீரியா ஒரு முழு செல். அதற்குச் செல் சுவர் உண்டு. புரதம் தயாரிக்க ரைபோசோம் உண்டு. தானே சாப்பிடும், தானே பெருகும். வைரஸ் செல்லே கிடையாது. கொஞ்சம் ஆர்.என்.ஏ. அல்லது டி.என்.ஏ., சுற்றிலும் ஒரு புரத உறை. அவ்வளவுதான். காமர்ஸ் பாஷையில் சொன்னால், பாக்டீரியா சொந்தமாக மெஷின் வைத்திருக்கும் தொழிற்சாலை. வைரஸ் வெறும் ஆர்டர் காகிதம். நம் செல்லுக்குள் புகுந்து, நம் மெஷினிலேயே தன்னைப் போல ஆயிரம் பிரதி போட்டுக்கொள்ளும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். அமாக்ஸிசிலின் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. டாக்ஸிசைக்ளின் அதன் ரைபோசோமை முடக்குகிறது. சுவரும் இல்லாத, ரைபோசோமும் இல்லாத வைரஸை இவை என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த ரைபோசோம் ஆராய்ச்சிக்காகத்தான். ஆன்டிபயாட்டிக் அதில் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்று காட்டியவர்களில் அவரும் ஒருவர். நம் ஊர்க்காரர் என்று பெருமைப்படுகிறோம். அவர் கண்டுபிடித்ததைக் கடையில் மறந்துவிடுகிறோம்.

"போட்டதும் சரியாயிடுச்சே" என்பார்கள். சாதாரண வைரஸ் சளி போடாவிட்டாலும் சில நாளில் சரியாகும். உடம்பின் எதிர்ப்பு சக்தி செய்த வேலைக்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொள்கிறது.

சரி, சும்மா போட்டால் என்ன நஷ்டம்? நம் உடம்பில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் மருந்துக்குச் சாகாதவை மட்டும் மிஞ்சிப் பெருகும். சில பாக்டீரியா வசதியான சூழலில் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகும். நாளைக்கு நிஜமாகவே நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுக்கும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். இதை எச்சரித்து 2012-லேயே மருத்துவர்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். முக்கியமான சில ஆன்டிபயாட்டிக்குகளை விற்றால் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014-ல் அமலுக்கு வந்தது. விதி வந்தது, பழக்கம் போகவில்லை.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் அந்த வரிசையில் நின்றால் ஆட்டோ ஓட்டுபவருக்கும் பூக்கட்டும் அம்மாவுக்கும் அரை நாள் வருமானம் போய்விடும். கடை மாத்திரை அவர்களுக்குச் சிக்கனம். அதனால் மாலை நேர புறநோயாளிப் பிரிவு கூடுதலாக வேண்டும், பௌர்ணமி முகாம்களில் இதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அவர் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன நாள் வரை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். மூச்சுத் திணறல் இருந்தாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ கடைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செல்லுக்கும் வைரஸுக்கும் உள்ள வித்தியாசம் சயின்ஸ் குரூப்புக்கு மட்டும் உரிய பாடம் இல்லை. சளி பிடிக்கிற எல்லோருக்கும் உரிய பாடம்.