கட்டுமரம் யாருடையது?

நொய்யல் நதிக்கரையிலே பனியன் பின்னிப் பிழைக்கும் நமக்குச் சமுத்திரத்தைப் பற்றி என்ன கவலை என்று கேட்பார் உண்டு. நம் யந்திரசாலைகளிலிருந்து புறப்படும் மூட்டைகள் தூத்துக்குடியிலும் கொச்சியிலும் கப்பல் ஏறித்தான் அயல்நாடு போய்ச் சேருகின்றன. கடல் சோறு போடுகிற ஊருக்குக் கடலைப் பற்றிப் பேச உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

'கட்டுமரம்' என்பது நமது சொல். இங்கிலீஷ்காரர் அதைக் 'காட்டமரான்' என்று வாங்கிக்கொண்டு, பிற்காலத்தில் இரண்டு ஒடுங்கிய ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்துப் பாய் விரித்த படகுக்குப் பெயராக இட்டார்கள். இன்று உலகமெங்கும் அப்படகுக்கு அதுவே பெயர். 2016-ஆம் வருஷம் முதல் ஒலிம்பிக் பந்தயத்திலும் 'நாக்ரா 17' என்னும் இரட்டைப் படகுக்குத் தனிப் போட்டி உண்டு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓட்ட வேண்டும் என்பது அதன் விதி. 2021-இல் டோக்கியோ பந்தயத்திலும் 2024-இல் பாரிஸ் பந்தயத்திலும் இத்தாலியரான டீட்டாவும் பாந்தியும் அதில் தங்கம் வென்றனர். அவ்விரு முறையும் அப்போட்டியில் நம் தேசத்துப் படகு ஒன்றுகூட இல்லை. பெயர் நம்முடையது, பந்தயம் பிறருடையது!

இப்படகை ஓட்டும் வித்தை எத்தகையது? காற்று பலமாகப் பாயில் மோதும்போது படகு ஒரு பக்கம் சாயும். அதைத் தடுக்க, பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து தொங்கும் கம்பியை இடுப்புக் கச்சையின் கொக்கியில் மாட்டிக்கொண்டு, காற்று வரும் பக்கத்து விளிம்பிலே பாதங்களை ஊன்றி, உடல் முழுவதையும் தண்ணீருக்கு மேலே நீட்டி நிற்க வேண்டும். இதற்கு 'ட்ரபீஸ்' என்று பெயர். பாயைக் கவனிப்பவர் முதலில் வெளியே போவார்; சுக்கான் பிடிப்பவர் பின்தொடர்வார். முன் காலை முதலில் விளிம்பில் வைத்து உந்த வேண்டும்; அக்கால் நேராக நிற்க, பின் கால் சற்றே வளைந்திருக்க வேண்டும். காற்று தணிந்தால் இருவரும் ஒருங்கே முழங்காலை மடக்கி உள்ளே வர வேண்டும். படகின் முன்முனை அலையிலே குத்தினால், பாய்மரத்தைச் சுற்றி முன்னே வீசி எறியப்படுவார்கள். ஆகையால் வேகம் மிகும்போது பின்னே நகர்ந்து நிற்கப் பழக வேண்டும். படகு கவிழ்ந்தால் கொக்கியை நொடியில் விடுவிக்கவும் அறிந்திருக்க வேண்டும். இவையெல்லாம் முதலில் கரை மணலில் நிறுத்திய படகிலே பழகி, பிறகு இளங்காற்றிலே பழகி, அதன் பின்னரே பெருங்காற்றுக்குப் போகத் தக்கவை. ஒருவர் அசைவை மற்றவர் சொல்லாமலே அறிய வருஷக் கணக்கில் சேர்ந்து பழக வேண்டும்.

இது மேனாட்டார் மூளையில் மட்டும் உதித்ததென்று எண்ண வேண்டா. இங்கிலாந்தில் பீட்டர் ஸ்காட் என்பவரும் அவருடைய தோழரும் இம்முறையைக் கையாண்டு பந்தயம் வென்றது 1938-இல். சென்னை ராஜதானியின் மீன்துறைத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, பாக் நீரிணைப் படகுகளின் சமநிலைப் பலகையை விவரித்திருக்கிறார். படகின் குறுக்கே காற்று வரும் பக்கமாக நீளும் அப்பலகை மீது ஆட்கள் ஏறி நின்று படகை நிமிர்த்துவார்கள். கம்பியில்லையே தவிர, தத்துவம் ஒன்றே. பந்தயத்துக்காக அல்ல, வயிற்றுக்காக நம் மீனவர் செய்த வித்தை அது.

நம்மவருக்கு ஆற்றல் இல்லையென்றும் சொல்ல இடமில்லை. சென்னையைச் சேர்ந்த வருண் தக்கரும் கே.சி. கணபதியும், இருவரும் ட்ரபீஸில் நின்று ஓட்டும் '49-இ-ஆர்' படகிலே 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்று, டோக்கியோவில் 17-ஆவது இடத்தை அடைந்தனர். அதே ஆசிய விளையாட்டில் சென்னைப் பெண் வர்ஷா கௌதம், துணைவியாருடன் வெள்ளி பெற்றார். ஆயினும் பாரிஸுக்குச் சென்ற நம் பாய்மரப் படகோட்டிகள் இருவரே. இருவரும் தனித்தனிப் படகினர். இருவர் சேர்ந்து ஓட்டும் படகு ஒன்றும் போகவில்லை.

காரணம் என்ன? படகு வேண்டும், ஆசான் வேண்டும், கூடவே செல்ல மீட்புப் படகு வேண்டும், ஒத்த இருவரைப் பல வருஷம் போஷிக்க வேண்டும். இதனால் இவ்வித்தை வசதி படைத்தோர் கைக்கே எட்டுகிறது. அலையிலே பிறந்து வளர்ந்த பாம்பன் கரைப் பிள்ளை அதைக் கரையிலிருந்து வேடிக்கை பார்க்கிறான். கடலே இல்லாத ஹைதராபாத்திலே, ஹுசேன் சாகர் ஏரியில் ஒரு படகுக் கழகம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு கற்பிக்கிறது. ஏரிக்கரையார் செய்வதைக் கடற்கரை நாட்டார் செய்யலாகாதா?

இங்கேதான் திருப்பூரின் பங்கு வருகிறது. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, வருஷ நிகர லாபம் ஐந்து கோடி ரூபாய் கண்ட கம்பெனி, முந்திய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலத்துக்குச் செலவிட வேண்டுமென்கிறது. அச்சட்டத்தின் ஏழாவது அட்டவணை, ஒலிம்பிக் விளையாட்டுகளுக்குப் பயிற்சியளிப்பதையும் அத்தகைய செலவாக ஒப்புகிறது. கூட்டு வியாபாரமாய் நடக்கும் சாலைகளைச் சட்டம் கட்டாது, மனச்சாட்சி கட்டும்.

தொழிலாளரின் வீடும் நொய்யலின் சாயக்கழிவும் இருக்க, விளையாட்டுக்குப் பணமா என்பர் சிலர். நியாயமான கேள்வி. கூலியும் கழிவு நீக்கமும் முதலாளி கொடுத்தே தீர வேண்டிய கடன். அவற்றைத் தர்மக் கணக்கில் எழுதலாகாது. அக்கடன் தீர்த்தபின் எஞ்சும் பொதுநலப் பங்கிலேயே ஒரு சிறு பகுதியை நாம் கேட்கிறோம். திருப்பூரின் பத்துச் சாலைகள் கூடி, இரண்டு இரட்டைப் படகுகளும் ஒரு மீட்புப் படகும் வாங்கி, ஓர் ஆசானை ஐந்து வருஷத்துக்கு அமர்த்தி, பாம்பன் கரையிலே மீனவ வாலிபரையும் யுவதிகளையும் பயிற்றட்டும்.

1906-இல் வக்கீல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பங்கு கேட்டபோது, வியாபாரிகள் பணம் தந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் கடலோடிகள்? நாம் கேட்பது கப்பலல்ல. நமது சொல்லைப் பெயராகத் தாங்கிய இரண்டு படகுகள். கொடுப்பீர்களா?